படத்துக்கு ஒரு துப்பாக்கி

மொன்டானா மலைச்சரிவில் பனி வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. செத்துக் கிடக்கும் எல்க் மானின் கொம்பில் தன் பெரிய துப்பாக்கியைப் படத்துக்காகச் சாய்த்து வைக்கிறார் வெர்னன். அதற்கான தோட்டாக்களை வீட்டிலேயே மறந்துவிட்டு, மனைவி லொரெட்டாவின் சிறிய துப்பாக்கியை வாங்கித்தான் மானைச் சுட்டார். அந்தச் சின்னத் தோட்டா முயலுக்குத்தான் லாயக்கு என்று வேட்டை இதழில் காலமெல்லாம் எழுதுகிறவர் அவர். கேமராவைக் கண்ணில் வைத்த லொரெட்டா அதை இறக்குகிறாள். "துப்பாக்கிக் கட்டையில தோட்டா சொருகுற வளையம் அஞ்சும் காலி. ஒத்த மானுக்கு அஞ்சு குண்டான்னு இதழ் படிக்கிறவங்க சிரிப்பாங்க." மானின் மூக்கிலிருந்து சொட்டும் இரத்தம் பனியைத் துளைக்கிறது. வெர்னன் அவளைப் பார்க்காமலே கையை நீட்டுகிறார். அவள் தன் தோட்டாக்களைக் கொடுக்கிறாள். பெரிய வளையங்களில் அவை தொளதொளவென்று ஆடுகின்றன. "இப்ப சிரி," என்கிறாள்.