பெகியைக் கேட்டு வந்தவர்கள்

"ந்தோசி! மகாயே! வீட்டுல யாரு? கேட்டைத் திறங்க!"

தெருவில் நின்றுகொண்டு டுடுஸிலேயின் குலப்பெயர்களைக் கூவினார் குமேடே. உம்லாஸி ஊரில் ஒரு வீட்டின் முன்னால் இப்படிக் கூவினால் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் உடனே திறந்துகொண்டது.

"அந்த வீட்டுல ஏது பொண்ணு? மூத்ததுக்கே ஆறு வயசுதானே?"

"பொண்ணு கேட்டு வரலம்மா. புருஷனைக் கேட்டு வந்திருக்கோம்!" என்றார் குமேடே.

அவர் ஓட்டக்காரர் சங்கத்தின் கேப்டன். கூட வந்த லொந்திவே ஸ்கூல் டீச்சர், அதே சங்கம். அடுத்த ஞாயிறு மராத்தான். டுடுஸிலேயின் புருஷன் பெகிக்கு அதுதான் முதல் மராத்தான்.

டுடுஸிலே அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் காலையிலிருந்து நின்றபடியே பில் போட்டவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெண் கேட்டு வந்தால் கேட்டிலேயே காக்க வைப்பதுதான் முறை. அவளும் களியைக் கிளறி இறக்கி வைத்துவிட்டுத்தான் போய்த் திறந்தாள்.

பெகி சோபாவில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது. எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"பாருங்க கேப்டன், எழுந்து நிக்கக்கூட பயம்" என்று கிசுகிசுத்தாள் லொந்திவே.

குமேடே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டுடுஸிலேயைப் பிறந்த வீட்டுக் குலப்பெயரால் மரியாதையாக அழைத்தார்.

"மாசெலே, சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடிட்டு, அப்புறம் கிடங்குல மூட்டை தூக்கப் போனவன் உங்க புருஷன். ஈஸ்டருக்கு முட்டி போச்சு. விட்டானா? ஆறிடுச்சு கேப்டன்னு எல்லார் முன்னாடியும் குதிச்சுக் காட்டினான். இப்ப கரையேறுற நேரத்துல நீங்க இப்படிப் பண்ணலாமா?"

"எப்படி?"

"மூணு வாரமா பயிற்சிக்கு ஆளைக் காணோம். கேட்டா, 'வீட்டுக்காரி ஷூவை ஒளிச்சு வச்சுட்டா கேப்டன், வீடா ரோடான்னு கேக்கறா'ங்கறான்."

டுடுஸிலே திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா, ஒளிச்சுத்தான் வச்சேன். அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா?" லொந்திவேக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளை குடிச்சுட்டுச் சுத்தினாலும் அழறீங்க, ஓடினாலும் அழறீங்க!"

"கூரை ஒழுகுது. சின்னதுக்கு இருமல் நிக்கல. நான் நாள் பூரா நின்னுட்டு காலு வீங்கி வர்றேன். இவரு ஓடிட்டு வந்து குப்புறப் படுத்துக்கிட்டா வீட்டை யாரு பார்க்கிறது? கல்யாணம் கட்டிப் பாருங்க டீச்சர், அப்புறம் பேசலாம்."

"கேக்க வந்த இடத்துல சண்டை வேணாம்" என்று கையைத் தூக்கினார் குமேடே. பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே புத்தம் புது ஷூ.

"பரிசம் கொண்டு வந்திருக்கோம் மாசெலே. சங்கத்துல எல்லாரும் சேர்ந்து வாங்கினது. ஞாயித்துக்கிழமை அவன் என் பஸ்ல ஏறினாப் போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்."

பஸ் என்றால் மெதுவாக ஓடுகிறவர்கள் கூட்டம். குமேடே முன்னால் பாடிக்கொண்டே ஓட, மற்றவர்கள் ஒட்டிக்கொண்டே ஓடி, நேரம் முடிவதற்குள் எல்லையைத் தொட்டுவிடுவார்கள். யாரையும் வழியில் விட்டதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

பெகி முதல்முறையாக நிமிர்ந்து அந்த ஷூவைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"கேப்டன்... அது வந்து... நான்..."

"நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று வெட்டினாள் டுடுஸிலே. "கேக்க வந்த சபையில பொண்ணு பேசற வழக்கம் இல்ல."

பெட்டியை மூடி குமேடேயின் கையிலேயே கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. வாங்கிக்கிட்டா சம்மதம்னு ஆயிடும். அடுத்த வருஷம் வாங்க. அப்பவும் கேட்டுல காக்க வைப்பேன். ஆனா அனுப்பி வைப்பேன்."

குமேடே பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பினார். லொந்திவே அப்படிக் கிளம்புவாளா? தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"இப்படி ஒருத்தி வாய்ச்சா மனுஷன் மராத்தானா ஓடுவான்? ஊரை விட்டே ஓடுவான்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் சிரித்தது. டுடுஸிலே கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து ஒரு துணியில் சுற்றினாள். பெகியின் எதிரில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பேண்ட்டைச் சுருட்டிவிட்டாள். முட்டி பன்னாய் வீங்கியிருந்தது.

ஐஸ் பட்டதும் அவன் பல்லைக் கடித்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? புரண்டு படுத்தாலே முனகறீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"இந்த வருஷம் ஓடவே கூடாதாம்."

கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. ஒரு கையால் ஐஸைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அப்போதுதான் தன் செருப்பைக் கழற்றினாள்.

"அது சரி, அந்த ஷூவை நான் எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்? நாளைக்கு யாராவது கேட்டா சொல்லணும்ல!"