குடில் பெட்டி

டிசம்பர் மாதத்துச் சாயங்கால வெயில் சதுரங்கப்பட்டினத்து வீட்டின் ஜன்னல் வழியே தரையில் விழுந்து கிடக்கிறது. கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்காகப் பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைச் சாம் கவிழ்க்கிறான். வைக்கோலும் மேய்ப்பர்களும் மண் ஆட்டுக்குட்டிகளும் உருண்டு விழ, அவற்றின் மேல் சரசரவென்று கொட்டுகின்றன காலி மாத்திரை அட்டைகள். மீன் செதிலைக் குவித்தாற்போல் வெயிலில் மின்னுகின்றன. போன வருஷம் சுனாமிக்குப் பிறகு, அலைச் சத்தம் கேட்டாலே விறைத்துப்போன அவன் மனைவி ரூத்தைத் தூங்க வைத்ததும், எழுந்து நாலு வாய் சோறு தின்ன வைத்ததும் இதே மாத்திரைதான். கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் நான் சொல்கிறபடி குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்டருக்கே நிறுத்திவிட்டதாக ரூத் சொல்லியிருந்தாள். "இன்னா ரூத்து இது?" அட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறான் சாம். அடுப்படியிலிருந்து ஓடி வருகிற ரூத் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தை இயேசுவை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுங்கும் விரல்களால் ஒவ்வோர் அட்டையாக அழுத்திப் பார்க்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை. "எதுலனா ஒண்ணு மீந்து கீதா, நீயும் கொஞ்சம் பாருய்யா."