துரை காரின் கூரைத் துணி

"நானா, அந்தப் பழைய துணியை எனக்குக் குடுத்துடுங்க."

ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் இத்ரூஸ் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் தங்கராஜா முதலாளி. பதுளைக் கடைவீதியிலேயே பெரிய ஜவுளிக்கடை அவருடையதுதான். கடைக்குள் கூரை முட்டப் புதுத்துணி அடுக்கிக் கிடக்க, மனிதர் ஒரு கந்தலுக்கு வந்து நிற்கிறார்.

கந்தல் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரிலிருந்து உரித்தது. காருக்குள் மேலே தைத்திருந்த கூரைத் துணி நைந்து, தையல் விட்டு, துரையின் தொப்பியைத் தட்டுகிற அளவுக்குத் தொங்கிவிட்டது. புதுசு மாற்றத்தான் கார், வண்டிகளுக்கு மெத்தையும் கூரையும் தைக்கும் இத்ரூஸின் பட்டறைக்கு வந்திருந்தது.

"பொறுங்க முதலாளி. இதை விரிச்சு அளவு போட்டுத்தான் புதுசை வெட்டணும்."

"வெட்டினதும் குடுப்பீங்களா?"

"அது எப்படி? பழசு வேலைக்காரன் பங்கு. மெத்தைக்குள்ள திணிக்க எனக்கு வேணும்."

தங்கராஜா உட்காரவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்தார். திரும்பி வந்து துணியின் ஓரத்தைத் தடவினார்.

"கையை எடுங்க, சோக்குக் கோடு அழியுது!"

கையை எடுத்தார். கண்ணை எடுக்கவில்லை.

கார் டிரைவர் நல்லையாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "துரை கிளப்புலேருந்து எறங்குறதுக்குள்ள கார் வாசல்ல நிக்கணும். இல்லாட்டி என் தோலை உரிச்சு இந்தக் கூரைக்குத் தைச்சிடுவாரு. நீங்க வேற ஏங்க குறுக்கயும் நெடுக்கயும்?"

இத்ரூஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஆளை அனுப்பினால்தான் வேலை நடக்கும் என்று பட்டது.

"சரி, ஒண்ணு செய்வோம். உங்க கடையில இருக்கிற பூப்போட்ட சீத்தையில எம் மகளுக்கு ஒரு சட்டைத்துணி குடுங்க. இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

"அது முடியாது நானா."

"ஒரு முழம்?"

"ஒரு நூல்கூடத் தர முடியாது. சும்மாதான் குடுக்கணும்."

நல்லையா வாய்விட்டே சிரித்துவிட்டான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களை அவன் பார்த்திருக்கிறான். காக்கையிடமே சோறு கேட்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"அப்படி எதுக்கு முதலாளி இந்தக் கந்தல்?" என்றார் இத்ரூஸ்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து, தங்கராஜா வீட்டில் வேலை செய்யும் பூவம்மா தலைமுடி அவிழ ஓடி வந்தாள்.

"ஐயா, அம்மாவுக்கு வலி கூடிப்போச்சு! மருத்துவச்சி ஒங்களை ஒடனே வரச் சொல்லுது!"

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. விழுந்தடித்து ஓடுவார் என்று பார்த்தால், ஓடவில்லை. இத்ரூஸின் பக்கம்தான் திரும்பினார்.

"நானா, கெஞ்சிக் கேக்குறேன். அந்தத் துணி…"

இத்ரூஸுக்கு வந்ததே கோபம்! அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

"பொஞ்சாதி அங்க உசுருக்குப் போராடுறா. நீங்க இங்க நின்னு கந்தலுக்குப் பல்லைக் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல? முதலாளியாம் முதலாளி! பிச்சைக்காரன்!"

நல்லையாவே திடுக்கிட்டான். பதுளையில் தங்கராஜாவை நேருக்கு நேர் இப்படிப் பேச ஆள் கிடையாது.

தங்கராஜா தோளில் கிடந்த சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார்.

"ஆமா நானா. பிச்சைக்காரன்தான். போடுங்க."

இத்ரூஸுக்கு அருவருப்பாக இருந்தது. அளவுக் கோடு போட்டு முடித்த துண்டைக் கசக்கிச் சுருட்டி, அந்தச் சால்வைக்குள் விட்டெறிந்தார்.

"இந்தா பிச்சை! எடுத்துக்கிட்டு ஓடு!"

தங்கராஜா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் வீதியில் ஓடினார்.

"பணம் இருந்து என்ன செய்ய? புத்தி தரித்திரம்" என்றான் நல்லையா.

பூவம்மா போகவில்லை. மூச்சு வாங்க வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்படிப் பேசாதீங்க அண்ணே. துணி கை மாறிடுச்சு, இனிமே சொல்லலாம். அம்மாவுக்கு இதுக்கு முந்தி மூணு பிள்ளை பொறந்து மூணும் தங்கலை. மூணையும் புதுப்பட்டுலதான் ஏந்துனாங்க. இதையாவது பிச்சை எடுத்த கந்தல்ல ஏந்துனாத்தான் தங்கும்னு மருத்துவச்சி சொல்லிருச்சு. வெலை குடுக்கக் கூடாதாம், காரணம் சொல்லக் கூடாதாம். சொன்னா அது பிச்சை இல்லையாம்."

இத்ரூஸின் கையிலிருந்த சோக்குக் கட்டி கீழே விழுந்தது.

"அதுக்கு இந்தக் கந்தல்தானா கெடைச்சுது? ஊர்ல வேற யாருமே குடுக்கலையா?"

"முதலாளிக்கு யாரு நானா பிச்சை போடுவா? கேட்ட எடத்துல எல்லாம் சிரிச்சாங்க. இல்லாட்டி ஐயா கேட்டுட்டாரேன்னு புது வேட்டியை மடிச்சு மரியாதையா நீட்டுனாங்க."

இத்ரூஸ் அப்படியே கார்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மனுசனைப் போயி நான் பிச்சைக்காரன்னு பேசிட்டேனே புள்ள!"

பூவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேச்சுக்காகத்தான் நானா, அவரு காலையிலேருந்து கடை கடையா ஏறி எறங்குனாரு."