அலுமினிய ரேடியேட்டர்

இல்ஃபோர்டில் கராஜ் நடத்தும் வாமதேவனிடம் எந்த எஞ்சினும் வாலாட்டியதில்லை, புவனேசனின் 1968ஆம் ஆண்டு அமெரிக்க மசில் காரைத் தவிர.

டிராஃபிக்கில் நின்றால் கொதிக்கிறது என்று ஜனவரியில் விட்டுப்போனான். மூன்று நாள் குளிரில் ஸ்டார்ட் பண்ணாமல் நின்ற காரில், வெப்ப மீட்டர் 98.4 பாரன்ஹீட் காட்டியது. வாமதேவன் இரண்டு முறை சென்சார் மாற்றினார். அதே எண்தான்.

பெரிய வாட்டர் பம்ப் போடுவதா, அலுமினிய ரேடியேட்டரும் மின்விசிறியும் போடுவதா? கேட்கலாமென்று நாலாம் நாள் போன் எடுத்தபோது மீட்டரில் 103. புவனேசனின் மனைவி ஷாமளாதான் பேசினாள்.

"அவருக்கு இண்டைக்கு விடியத் துவக்கம் காய்ச்சல், அண்ணை. நூற்றிமூண்டு. நீங்களே பாத்துச் செய்யுங்கோ."

வாமதேவன் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பம்பை ஒதுக்கிவிட்டு ரேடியேட்டரையும் விசிறியையும் பூட்டினார். விசிறி சுழன்றதும் எண் இறங்கியது. 101. 99. சரியாக 98.4இல் நிறுத்தினார். விசிறி நின்றது, எண் நிற்கவில்லை. விசிறியின் வயரையே கழற்றினார். 95.

போன் அடித்தது.

"காய்ச்சல் விட்டிட்டுது, அண்ணை. நல்ல நித்திரை. கைகாலெல்லாம் குளிர்ந்துபோய்க் கிடக்கு, போர்வை போட்டுவிட்டனான்."

"தங்கச்சி, அவரை எழுப்புங்கோ."

"ஏன் அண்ணை?"

"எழுப்புங்கோ."

வாமதேவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி ரேடியேட்டரின் மேல் போர்த்தி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மீட்டரில் 88. பக்கத்தில் கிடந்த போனுக்குள், "இஞ்சருங்கோ, எழும்புங்கோவன்" என்று ஷாமளா இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.