கண்ட்ரோல் ரூமில் ஒருவன்

ஜன்னல் வெயில் பட்டுத் திருடனின் பின்மண்டை பித்தளைச் சொம்பு மாதிரி பளபளத்தது. பல் டாக்டர் முதலில் பார்த்தது அதைத்தான்.

அவர் நின்றது கீழே, வாசல் போர்டிகோவில். திருடன் உட்கார்ந்திருந்தது மாடியில், அவருடைய கண்ட்ரோல் ரூமில், அவருடைய நாற்காலியிலேயே. கையில் இருந்த டேப்லெட்டில் படம் துல்லியமாகத் தெரிந்தது.

'கண்ட்ரோல் ரூம்' என்பது மனைவி கேலியாக வைத்த பெயர். ரவுட்டர், சுவிட்ச், ஊரார் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்கள் என்று ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சே அங்கே குடியிருந்தது. லீவு நாளில் டாக்டர் பல்லை மறந்துவிட்டு வயர் பிடுங்குகிற இடம் அது.

அன்று காலையிலிருந்து ஒரே மல்லுக்கட்டு. நாற்காலிக்குப் பின்னால் புதிதாக மாட்டிய கேமராவின் படம், வெளியிலிருந்து பார்த்தால் விக்கி விக்கி வந்தது. எதையெதையோ மாற்றிவிட்டு, வீட்டு வைஃபை இல்லாமல் வெளியூர்க்காரன் மாதிரி செல்போன் டேட்டாவில் பார்த்துவிடலாம் என்று, சட்டையை மாட்டிக்கொண்டு இப்போதுதான் இறங்கி வந்திருந்தார். படம் எண்ணெய் ஒழுகுவது போலத் தடங்கலில்லாமல் வந்தது. வந்த படத்தில்தான் அவன்.

டேப்லெட்டின் மேல் தெறித்த மழைச் சாரலைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவனேதான். குனிந்த தலை நிமிராமல் எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

கண்ட்ரோல் ரூமுக்கு அடுத்த அறையில் மனைவி, தொட்டிலில் குழந்தை. அவர்கள் கீழே வரவேண்டுமானால் அவன் இருக்கும் அறை வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். மனைவிக்குப் போன் போட்டார்.

"கதவைத் தாழ் போட்டுக்கோ. கத்தாதே. கண்ட்ரோல் ரூம்ல ஒருத்தன் இருக்கான்."

"ஐயய்யோ! யாருங்க?"

"தெரிஞ்சா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேனா? திருடன்! பனியனோட உக்காந்திருக்கான். நடுமண்டை முழுக்கச் சொட்டை, சுத்தி நாலே நாலு முடி. பார்த்தாலே கொலைகாரக் களை."

"என்ன பண்றான்?"

"என் பழைய சுவிட்சைக் கழட்டறான்."

"அதை மட்டும்தான்னா, எடுத்துட்டுப் போகட்டுமேங்க."

"உயிர் போற நேரத்துல நக்கலா?"

"கைகால் உதறுதுங்க. அதான் வாய் உளறுது. பாப்பா முழிச்சு அழுதுட்டா என்ன பண்றது? சீக்கிரம் வாங்க!"

போலீசுக்குச் சொல்லிவிட்டு வாசலிலேயே நில் என்றது ஒரு கால். குழந்தையை நினைத்த மறு கால் படியேறியது. ஊரார் வாய்க்குள் கூசாமல் கைவிடுகிற மனிதர், சொந்த வீட்டுப் படியில் பூனை மாதிரி ஏறினார். ஒரு கையில் டேப்லெட், மறு கையில் குடை. நெற்றியில் புரண்ட சுருள் முடியைக் குடைப்பிடியால் ஒதுக்கிவிட்டு, இஷ்டதெய்வங்கள் எல்லோரையும் மொத்தமாகக் கும்பிட்டுக்கொண்டு, கதவை ஓர் உதை விட்டார்.

உதைத்த வேகத்தில் குடை படக்கென்று விரிந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. நாற்காலி காலி. மேஜைக்கடியில் பார்த்தார், கதவிடுக்கில் பார்த்தார். ஈ காக்கை இல்லை. டேப்லெட்டைப் பார்த்தார்.

அவன் உட்கார்ந்திருந்தான். அதே நாற்காலியில். சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

டாக்டரின் கை அந்த நாற்காலியின் மேல்தான் இருந்தது. வெந்நீர் பட்டதுபோல் உதறிப் பின்வாங்கினார். திருடன் என்றால் குடையால் சாத்தலாம். இது அந்த ஜாதி இல்லை என்று ஈரக்குலைக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் வெறும் நாற்காலியைக் குடையால் குத்தினார். படத்தில் அவன் கொட்டாவி விட்டான். அதைவிட மோசம், படத்தில் குடையும் இல்லை, டாக்டரும் இல்லை. செத்தது அவனா, தானா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வெளியே வராதே! இது பேய்!" என்று அலறினார்.

அவள் வந்தாள். தோளில் குழந்தை, கையில் துடைப்பம். "எங்கே, காட்டுங்க" என்று டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னங்க, வெளியே மழை கொட்டுது. இதுல வெயில் அடிக்குது. இது முன்னாடி எடுத்த படம்ங்க!"

டாக்டருக்குப் போன மூச்சு திரும்பியது. படம் விக்காமல் வரட்டும் என்று, சேர்த்து வைத்து ஆற அமர அனுப்பும்படி மாற்றி வைத்தவர் அவரேதான். இத்தனை ஆற அமர அனுப்பும் என்று அவர் நினைக்கவில்லை. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அது பாதியில் நின்றது.

"அப்போ அந்தச் சொட்டைத்தலையன் எப்போ வந்தான்? காலையிலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லையே!"

மனைவி படத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் போய் நின்று ஒரு தரம் பார்த்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மனசு கஷ்டப்படுவீங்கன்னுதாங்க இத்தனை நாளா சொல்லலை."