விதானத்துப் பூ

புதிதாகக் கட்டி முடித்த அருங்காட்சியகத்தைத் திறப்பதற்கு முன் அறை அறையாகப் படம் பிடிக்க ஜெபமணி வந்திருந்தார். தூண் மண்டபத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த காத்தாயியைச் சற்று வெளியே நிற்கச் சொன்னார். அவள் நகராமல் அண்ணாந்து விதானத்தைப் பார்த்தாள்.

“அந்தச் சுண்ணாம்புப் பூவும் படத்துல வருங்களா?”

“வராதும்மா. அது ரொம்ப மேல இருக்கு.”

“எங்க வீட்டுக்காரர் செஞ்சதுங்க. முடிச்சுட்டு எறங்கறப்பதான் சாரத்துலேர்ந்து விழுந்து, அப்படியே போயிட்டாரு.”

ஜெபமணியிடம் படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்றுதான் மீதமிருந்தது. அதை முகப்பு வாசலுக்கென்று மேலதிகாரி ஒதுக்கச் சொல்லியிருந்தார். ஜெபமணி ஒருமுறை அண்ணாந்து அந்தப் பூவைப் பார்த்தார். பிறகு காமிராவைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அந்தத் தகட்டைச் செருகினார்.

“இங்க வெளிச்சம் கம்மி. கால் மணி நேரம் ஆகும். தரை அதிர்ந்தாக்கூட படம் கலைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

காத்தாயி விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, காமிராவுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரமும் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெபமணி மூடியைப் பொருத்தினார்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதும்மா.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.