ஜோடி வேட்பாளர்

இதில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை, ஒரு வார்த்தை குறைத்ததில்லை; சத்தியம். நம்பாதவர்கள் தேர்தல் அதிகாரி டெஸ்மண்ட் டில்னியையே கேட்டுக்கொள்ளலாம். அவர் இப்போது அதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"ஆம்ப்ரோஸ் இன்னிக்கும் வரலையா?" என்று லீட்ஸ் நகரக் கூட்டத்தில் கேட்டார்கள். அது ஒன்பதாவது கூட்டம்.

"அவர் காட்டுலதான் இருக்கார்," என்று ஒன்பதாவது முறையாகச் சொன்னார் ஹெஸ்டர் அம்மாள்.

உடனே இருநூறு ஜோடிக் கைகள் உயர்ந்து விரல்களை ஆட்டின. பசுமை முன்னணிக் கட்சியில் கைதட்டக் கூடாது; சத்தம் சிலருக்கு ஆகாது என்று விதியே உண்டு.

டெஸ்மண்டும் ஆட்டினார். அவர் ஆட்டியிருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நடுநிலைக்குப் பேர்போனவர். ஆனால் இரண்டு குளிர்காலமாக ஒரு மனிதன் மரங்களை விட்டு அசையாமல் இருக்கிறான் என்றால் விரல் தானாக ஆடத்தான் செய்யும்.

நடந்துகொண்டிருந்தது கட்சியின் துணைத் தலைவர் தேர்தல். ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பார்ஜெட்டர் குடும்பத்துக்குச் சொந்தமான ஹாலோ காட்டை வெட்டிப் புறவழிச் சாலை போட வேண்டும். அதற்குத் தலையாட்டினால் கூட்டணியில் இரண்டு மந்திரி நாற்காலி என்று பெரிய கட்சி ஒன்று தூது விட்டிருந்தது. மேலிடக் குழு ஆறுக்கு ஆறு என்று முட்டிக்கொண்டு நின்றது. புதுத் துணைத் தலைவரின் ஓட்டுதான் காட்டின் தலையெழுத்து.

ரூபர்ட் வென் என்ற இளைஞன் நாற்காலிப் பக்கம். எதிரே அந்தப் பார்ஜெட்டர் குடும்பத்து ஹெஸ்டர் அம்மாளும் கணவர் ஆம்ப்ரோஸும் ஜோடியாக நின்றார்கள்; ஜெயித்தால் வாரத்தின் முன்பாதி அவர், பின்பாதி இவர். ஒரு பதவிக்கு இருவர் நிற்பது அந்தக் கட்சியில் வழக்கம்தான். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் என்றால் போதும், பேரைக் கொடுத்துவிடலாம்.

"ஓக் மர உச்சியில பலகை கட்டிக் குடியிருக்காராமே?"

"அணில் கொண்டுவந்து குடுக்கிறதத்தான் சாப்பிடறாராம்!"

இப்படி ஊருக்கு ஊர் பேச்சு வளர்ந்தது. ஹெஸ்டர் அம்மாள் எதையும் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை.

பிரிஸ்டலில் ஒரு பெண் பச்சைக் கம்பளி மஃப்ளர் பின்னிக்கொண்டு வந்தாள். "இது ஆம்ப்ரோஸுக்கு. அவ்ளோ உசரத்துல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குமே."

"அவருக்குக் குளிரெல்லாம் தெரியறதில்லம்மா," என்று ஹெஸ்டர் அம்மாள் வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அது அந்த அம்மாள் கழுத்திலேயே இருந்தது. சிக்கனமான குடும்பம் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன, ஆந்தையா?" என்றான் ரூபர்ட் மேடையிலேயே. "ஒரு நாளாவது இறங்கி வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

"நாப்பது வருஷம் அவர்தான் பேசினார் தம்பி. இப்பதான் எனக்கு வாய் கிடைச்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. ஹெஸ்டர் அம்மாள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நண்பகல் எண்ணிக்கை முடிந்தது. முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் பார்ஜெட்டர் ஜோடி. ஹெஸ்டர் அம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து, மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ரூபர்ட் விதிப் புத்தகத்தோடு வந்தான். "பதினாலாவது விதி, டெஸ்மண்ட். ஜோடின்னா ரெண்டு பேரும் உங்க கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணும். இன்னிக்குச் சாயங்காலம் ஆறுக்குள்ள. இல்லேன்னா பதவி எனக்கு."

விதி இருந்தது. அதை எழுதியவரே டெஸ்மண்ட்தான்.

"ஒரே ஒரு கையெழுத்து, ஹெஸ்டர்," என்று கெஞ்சினார். "வரச் சொல்லுங்க. காடு பொழைச்சுடும்."

"வர மாட்டார்."

"அப்ப நாங்க வர்றோம்."

ஹெஸ்டர் அம்மாள் மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பூட்ஸ் போட்டுக்குங்க," என்றார். "சேறா இருக்கும்."

கார் கட்சிக்கு ஆகாது. மூவரும் ரயிலில் போய், பஸ் மாறி, மழையில் நடந்தார்கள். காட்டில் கூடாரம் இல்லை, கயிறு இல்லை, பலகை இல்லை. வெட்டப்போகிற மரங்களில் சிவப்புப் பெயிண்ட் மட்டும் ஈரத்தில் பளபளத்தது. மரங்களுக்கு நடுவே சின்னத் திறந்தவெளி ஒன்றில் ஹெஸ்டர் அம்மாள் நின்றுவிட்டார்.

டெஸ்மண்ட் அண்ணாந்து ஒவ்வொரு உச்சியாகத் தேடினார். "ஆம்ப்ரோஸ்! நான்தான் டெஸ்மண்ட்! என் ஓட்டு உங்களுக்குத்தான்!"

ஒரு காகம் எழுந்து பறந்தது. அவ்வளவுதான்.

"அஞ்சே முக்கால்," என்றான் ரூபர்ட்.

டெஸ்மண்ட் தாளை நனையாமல் கோட்டுக்குள் மறைத்துப் பிடித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்ட மனிதர். "எந்த மரம்னு மட்டும் சொல்லுங்க, ஹெஸ்டர். நானே ஏறிடறேன்."

ஹெஸ்டர் அம்மாள் அவர் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டெஸ்மண்ட். அவர் நெஞ்சு மேல நிக்கிறீங்க."